கல்வியியலில் பிஎச்டி: கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

எம்.எட். முடித்தவர்களும், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்டி பதிவு செய்ய நினைப்பவர்களும் பெரும்பாலும் ஒரே மாதிரித் தலைப்போடுதான் வருகிறார்கள். "இன்ன மாவட்டத்தில் பி.எட். பயிலும் மாணவர்களின் தொழில் மனப்பான்மைக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு - ஓர் ஆய்வு." மாவட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். மனப்பான்மை இருக்கும் இடத்தில் மனவெழுச்சி நுண்ணறிவைப் போடலாம். தலைப்பு அசையாமல் நிற்கும். நான் கேட்பது ஒன்றுதான்: "சரி, தொடர்பு இருக்கிறது என்றே முடிவு வரட்டும். அதைப் படித்துவிட்டு எந்த ஆசிரியர் மறுநாள் வகுப்பில் எதை மாற்றிக்கொள்வார்?" பெரும்பாலும் பதில் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆய்வை எப்படி எடுத்து, எப்படி முடிப்பது என்று இங்கே சொல்லப் பார்க்கிறேன். ஆசிரியர் பயிற்சி எனக்குப் பழகிய இடம் என்பதால் உதாரணம் அங்கிருந்தே வருகிறது. செவிலியர் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ வேலை பார்ப்பவர்கள் ஆளையும் இடத்தையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், உறுத்தலைத் தேடுங்கள்

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்த 16 வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். கையில் போன் ஸ்டாப்வாட்ச் போதும்.

எட்டாம் வகுப்பு அறிவியல் என்று வையுங்கள். பயிற்சி ஆசிரியை கேட்கிறார்: "இலை ஏன் பச்சையா இருக்கு?" நீங்கள் ஸ்டாப்வாட்சைத் தட்டுகிறீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குழந்தை வாயைத் திறக்கப் போகிறாள். அதற்குள் ஆசிரியை, "பச்சை... பச்சைய... சொல்லுங்க, பச்சையம்!" என்று முடித்துவிடுகிறார். வகுப்பே "பச்சையம்" என்று கோரஸ் பாடுகிறது. ஸ்டாப்வாட்சைப் பார்த்தால் ஒரு நொடி கூட ஆகியிருக்காது. வாயைத் திறந்த பிள்ளை மூடிக்கொள்கிறாள்.

இப்படி ஒரு பாடவேளையில் பத்து முறை நடந்தால் உங்களுக்கு உறுத்த வேண்டும். உறுத்தினால் ஆய்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பற்றி யாராவது ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடி. அதை மூன்று நொடி அளவுக்கு உயர்த்தியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது, கேட்காமலே முன்வந்து பேசுவது கூடியது. காத்திருப்பு நேரம் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது.

அப்படியானால் நமக்கு மிச்சம் என்ன இருக்கிறது? இங்கேதான் நம் ஊர்ப் பயிற்சி முறையை உற்றுப் பார்க்க வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சில நிமிடப் பாடத்தில் பழகிப் பார்க்கும் முறை, 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. என்சிஇஆர்டி வழியாக இந்தியாவில் நிலைபெற்ற வடிவத்துக்கு ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம் (பார்த்தவர்கள் நிறைகுறை சொல்வது), 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுகற்பித்தல், 6 நிமிடம் மறுபின்னூட்டம். பள்ளிப் பிள்ளைகளாக எதிரே உட்கார்ந்து நடிப்பவர்கள் சக பி.எட். மாணவர்கள். கேள்வி காதில் விழுவதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள், பட்டதாரிகள் அல்லவா! ஆறு நிமிடத்துக்குள் பாடத்தை முடிக்கும் அவசரம் வேறு. பயிற்சி ஆசிரியை காத்திருக்கவே கற்றுக்கொள்ளவில்லை. அவசரத்தைப் பயிற்சியே ஊட்டிவிடுகிறதோ?

இதுதான் ஆய்வுக் கேள்வி. "காத்திருத்தலைத் தனித் திறனாக எடுத்துப் பயிற்றுவித்தால், அது பள்ளி வகுப்பறைக்குப் போன பிறகும் நிற்கிறதா?" நிற்கிறது என்றாலும், நிற்கவில்லை என்றாலும், கல்லூரிக்குச் சொல்ல ஒரு விஷயம் உங்களிடம் இருக்கும். நல்ல கேள்விக்கு நான் வைக்கும் சோதனை இது மட்டும்தான்.

2. பதிவுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையை நீங்களே படிக்காமல் முடியாது. அடிப்படை, யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்டி ஒழுங்குமுறை. முதுகலையில் 55% மதிப்பெண் வேண்டும்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5% தளர்வு. கோர்ஸ் ஒர்க்குடன் (ஆய்வுக்கு முன் படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டு வரை தளர்வு உண்டு. எம்.ஃபில். படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் ஆய்வில் கை பழக உங்களுக்குக் கிடைத்த ஒரே ஒத்திகை எம்.எட். ஆய்வேடுதான், அதைக் கடைசி மாதத்தில் யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கியிருந்தால் இப்போது வலிக்கும்.

2024 ஜூன் முதல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறுவோர், உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவோர், பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர். கடைசிப் பிரிவில் தேறினால் உதவிப் பேராசிரியர் தகுதி கிடையாது, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் அந்த மதிப்பெண் உதவும், அதுவும் ஓராண்டுக்குத்தான். ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகப் பதிய, வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். தொலைநிலையில் பிஎச்டி கிடையாது. யாராவது இருக்கிறது என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.

நெறியாளர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்க முடியும். பெயர் பெற்றவரிடம் இடம் இருக்காது. இருந்தாலும், அவரைத் தேர்ந்தெடுக்குமுன் அவரிடம் இப்போது இருக்கும் ஆய்வாளர் ஒருவரோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசுங்கள். கேட்க வேண்டியது இரண்டே: கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? திரும்பி வரும்போது அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

3. வாசிப்பு

சோத்கங்காவில் தொடங்குங்கள். நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்றும் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். உங்கள் பொருளில் முப்பது ஆய்வேடுகளைத் திறந்து, முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். "மேலாய்வுக்கான பரிந்துரைகள்" என்ற பகுதி, என்னென்ன செய்ய முடியாமல் போனது என்று அவர்களே சொல்லும் இடம். அப்புறம் கருவி பற்றிய அத்தியாயம். நடுவில் இருப்பதைத் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

உலக அளவிலான கட்டுரைகளுக்கு எரிக் தளம் உண்டு. அமெரிக்கக் கல்வித் துறை நடத்துவது, தேடக் காசு வேண்டாம். வாசிப்பதை முதல் நாளிலிருந்தே ஸோட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வையுங்கள். நான்காம் ஆண்டில் "இந்த மேற்கோள் எங்கே படித்தது?" என்று தேடி அலைந்த இரவுகளை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சியைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சட்டகம் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்தது. பயிற்சியை நான்கு படியில் மதிப்பிடலாம் என்றார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு ஏதும் வந்ததா. நம் கல்லூரிகளில் எந்தப் பயிற்சி நடந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பின்னூட்டப் படிவம் வரும், எல்லாரும் "மிக நன்று" போடுவார்கள், அதன் சராசரியை எடுத்து அறிக்கை எழுதுவார்கள். அது முதல் படி. நம் காத்திருப்பு ஆய்வு மூன்றாம் படியில் நிற்கிறது, கையைப் பிடித்தால் நான்காம் படிக்கும் ஏறும்: ஆசிரியை காத்திருந்தபோது பிள்ளை பதில் சொன்னாளா?

4. வடிவமைப்பும் ஆள் கணக்கும்

"400 பேர் எடுத்தால் போதுமா சார்?" என்பது முதல் ஆண்டு ஆய்வாளர்களின் தேசிய கீதம். எத்தனை பேர் என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, நடுத்தர விளைவளவான (வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதன் அளவு) 0.5ஐக் கண்டுபிடிக்க, வழக்கமான 5% பிழை வரம்பும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80% திறனும் (இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாத வாய்ப்பு) வைத்தால், ஒரு குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர். பெரிய விளைவு, அதாவது 0.8 வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் 26 பேர் வீதம் போதும்.

பி.எட். கல்லூரியில் ஓர் அலகுக்கு 50 மாணவர். இரண்டு அலகு உள்ள கல்லூரியில் 100 பேர்தான். ஆக ஒரே கல்லூரியில் 128 கிடைக்காது. உடனே எல்லாரும் செய்வது, ஒரு கல்லூரியைச் சோதனைக் குழுவாகவும் (பயிற்சி பெறுவது) இன்னொன்றைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் (ஒப்பிடுவதற்காகப் பயிற்சி பெறாமல் இருப்பது) வைத்துக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். வேறுபாடு வந்தால் அது பயிற்சியால் வந்ததா, அந்தக் கல்லூரியால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு கல்லூரியிலும் உள்ளுக்குள்ளே சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை இந்தப் பக்கம், பாதிப் பேரை அந்தப் பக்கம் பிரியுங்கள்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லித் தரலை?" என்ற வருத்தமும் வரும். பள்ளிப் பயிற்சி முடிந்து அளவீடு எடுத்தபின் அவர்களுக்கும் அதே பயிற்சி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வருத்தம் குறையும். பேச்சு கசிவதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆய்வேட்டில் வரம்பு என்று எழுதிவிடுங்கள்.

ஆள் கணக்கு முடிந்ததும் நாள் கணக்கு. ஆளுக்கு ஒரு பாடவேளை கேட்டாலும் 128 பாடவேளை. 16 வாரத்தில் வாரத்துக்கு 8. பஸ் பிடித்துப் போய் வர முடியாதது அல்ல, ஆனால் பகுதிநேர ஆய்வாளரால் நடக்காது. மாற்று வழி, பயிற்சி ஆசிரியரின் போனிலேயே ஒலிப்பதிவு. வீடியோ வேண்டாம். நமக்குத் தேவை குரலும் மௌனமும் மட்டும். இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் பேச்சு அலையாகவும் மௌனம் தட்டைக் கோடாகவும் திரையில் தெரியும். கோட்டின் நீளத்தைப் பத்தில் ஒரு நொடி வரை அளக்கலாம். ஒரு பாடவேளையில் முதல் பத்துக் கேள்விகள் போதும் என்று வைத்தால் 1,280 அளவீடு. ஒரு பருவ வேலை.

எம்.எட். அளவில் இதையே செய்ய நினைப்பவர்கள் ஆறு பேரை எடுத்து, ஆழமாகப் பேட்டி கண்டு, அவர்கள் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று கேளுங்கள். வகுப்பு அமைதியானால் பயமாக இருக்கிறது, பின்னால் நிற்கும் வழிகாட்டி ஆசிரியர் பாடம் தெரியவில்லை என்று நினைப்பார் என்பது போன்ற பதில்கள் எந்த வினாத்தாளிலும் விழாதவை.

5. கருவி: நான் வழுக்கிய இடம்

என் சொந்த ஆய்வில் கருவி ஒரு மனப்பான்மை அளவுகோல். வெளிநாட்டில் உருவானது, நாற்பது கூற்றுகள், ஐந்து புள்ளி லிக்கர்ட் ("முழுதும் ஏற்கிறேன்" முதல் "முழுதும் மறுக்கிறேன்" வரை ஐந்தில் ஒன்றை டிக் செய்வது). ஓர் இரவில் தமிழாக்கினேன். இரண்டு பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கினேன், அதுவே உள்ளடக்க ஏற்புடைமை (கருவி அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது என்பதற்கான வல்லுநர் சான்று) ஆகிவிட்டது. நேராக ஐந்து கல்லூரிகளுக்குப் போய்விட்டேன். அதுவும் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம்.

ஒரு கல்லூரியில் தாளைக் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, முன்வரிசையில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சார், பின்னூட்டம்னா என்ன?" பக்கத்தில் இருந்தவர் சொன்ன விளக்கம்: "பின்னாடி ஊட்டுறது, டிஃபன் மாதிரி." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. பின்னூட்டம் வரும் ஆறு கூற்றுகளுக்கும் பாதிப் பேர் நடுப்புள்ளியைப் போட்டிருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தாள்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே பத்தியில் டிக், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அத்தனையும் தள்ள வேண்டியதாயிற்று. ஓராண்டு போனது.

அதனால் இப்போது நான் வரிசையாகச் சொல்வது இது. தமிழாக்கிய கருவியை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். பிறகு ஐந்தாறு மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கூற்றை உரக்கப் படித்து, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பின்னூட்டம் போன்ற சொல் இங்கேயே மாட்டிக்கொள்ளும். "ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறார்" போன்ற இரட்டைக் கூற்றும் மாட்டும். தெளிவாக நடத்தி, தூங்கவைப்பவருக்கு எந்தப் புள்ளி போடுவது? எதிர்மறைக் கூற்றுகளை நடுநடுவே வையுங்கள், கோடு போடுபவர்கள் தெரிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் முன்னோட்ட ஆய்வும், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபாவும். 0.70க்கு மேல் வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா உயரமாகத்தான் வரும்.

காத்திருப்பு ஆய்வில் கருவி ஸ்டாப்வாட்ச் என்பதால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். "ம்ம்... சொல்லுங்க" என்பது மௌனமா, பேச்சா? கேள்வியைத் திரும்பக் கேட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்தில் தொடங்குமா? "புரிஞ்சுதா?" என்பது கேள்வியா? இதற்கெல்லாம் ஒரு பக்க விதித்தாள் எழுதுங்கள். இருபது பதிவுகளை நீங்களும் நண்பர் ஒருவரும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். அவருக்கு எந்தப் பதிவு எந்தக் குழுவினுடையது என்று தெரியக்கூடாது. இரண்டு அளவும் ஒத்துவரவில்லை என்றால் தவறு விதித்தாளில்தான் இருக்கும். திருத்தி மறுபடி அளங்கள்.

6. அனுமதி

கல்லூரி முதல்வர், பள்ளித் தலைமை ஆசிரியர், அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. இத்தனை கையெழுத்துக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் குரல் பதிவாகிறது என்பதால் பெற்றோர் ஒப்புதல் படிவமும் வேண்டும், எளிய தமிழில், அரைப் பக்கத்தில். உங்கள் சொந்த மாணவர்களையே ஆய்வுக்கு எடுத்தால் இன்னொரு சிக்கல்: அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது அவர் "சம்மதம்" என்று சொல்வது சம்மதம் ஆகாது. படிவத்தை வேறொருவர் வாங்கட்டும், யார் மறுத்தார்கள் என்பது மதிப்பெண் போட்டு முடியும்வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

7. எண்கள்

பல்கலைக்கழக வாசல்களைச் சுற்றி ஜெராக்ஸ் கடைக்கு இணையாகப் புள்ளியியல் கடைகளும் உண்டு. எக்செல் கோப்பைக் கொடுத்தால் அட்டவணையாகத் திரும்பி வரும். செலவு பெரிதல்ல. ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் டி-டெஸ்ட் போட்டீர்கள், முன்தேர்விலேயே இரண்டு குழுவும் வேறுபட்டதே, ஏன் ஆன்கோவா போடவில்லை?" என்று கேட்டால் கடைக்காரர் வந்து பதில் சொல்லமாட்டார். (டி-டெஸ்ட் இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது; ஆன்கோவா, தொடக்கத்திலேயே இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது.) ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இரண்டு வாரம் உட்கார்ந்தால் கல்வியியல் ஆய்வுக்குத் தேவையானது பிடிபடும்.

முடிவை எழுதும்போது "0.05 மட்டத்தில் வேறுபாடு குறிப்பிடத்தக்கது", அதாவது தற்செயலாக வந்ததாகத் தெரியவில்லை, என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆயிரம் பேரை எடுத்தால் அரை மதிப்பெண் வேறுபாடுகூடக் குறிப்பிடத்தக்கதாகிவிடக்கூடும். எத்தனை நொடி கூடியது என்று சொல்லுங்கள். விளைவளவைச் சொல்லுங்கள். படிப்பவர் தீர்மானித்துக்கொள்வார்.

8. எழுத்தும் வைவாவும்

முதல் அத்தியாயத்தை முதலில் எழுத வேண்டியதில்லை. ஆய்வு முறை அத்தியாயத்தை, வேலை நடக்கும்போதே, நடந்தது நடந்தபடி எழுதுங்கள். தமிழில் ஆய்வேடு எழுத விருப்பம் என்றால் உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி ஒப்புமை (பிறர் எழுத்தோடு உங்கள் எழுத்து ஒத்துப்போகும் அளவு) 10% வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பலர் சதவீதத்தைக் குறைக்க வாக்கியத்தைக் கோணலாக மாற்றுகிறார்கள். மென்பொருள் ஏமாறலாம், வெளித்தேர்வாளர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பார்.

ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்று யுஜிசி 2022க்குப் பிறகு கட்டாயப்படுத்தவில்லை. பல்கலைக்கழகம் கேட்கலாம், பாருங்கள். யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரும் 2025இல் கைவிடப்பட்டது. மூன்று நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு அனுப்புங்கள் என்று வாட்ஸாப்பில் வரும் இதழ்கள் மட்டும் எப்போதும் போலவே இருக்கின்றன.

வைவாவுக்கு முன் கல்வியியல் அல்லாத ஒரு நண்பரிடம், ஸ்லைடு இல்லாமல், பத்து நிமிடத்தில் உங்கள் ஆய்வைச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே "அது எப்படி?" என்று நிறுத்துகிறாரோ, தேர்வாளரும் அங்கே நிறுத்த வாய்ப்பு அதிகம். அட்டவணைப் பக்கங்களில் துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டு போங்கள்.

முடிந்து, இறுதிக் கோப்பு சோத்கங்காவுக்குப் போகுமுன் பின்னிணைப்பில் கருவி முழுசாக இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். அடுத்து வருபவர் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம், வாசலைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒரே பக்கத்தில், தமிழில், அட்டவணை இல்லாமல் எழுதி நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.